பசோலினி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பியர் பாவ்லோ பசோலினி எழுத்தாளரா, இயக்குநரா?

எழுத்தாளராகத்தான் தொடங்கினார். 1922இல் இத்தாலியின் பொலோன்யாவில் பிறந்தவர். முதல் கவிதைத் தொகுப்பு 1942இல், அம்மா ஊரின் ஃப்ரியூலி மொழியில் வந்தது. முதல் படமான 'அக்கத்தோனே' வரும்போது வயது 39.

கேள்வி: அதுவரை சினிமாப் பக்கமே வரவில்லையா, சார்?

வந்தார், வசனகர்த்தாவாக. 1950இல் அம்மாவோடு ரோமுக்குக் குடிபெயர்ந்தவர், புறநகர்க் குடிசைப் பகுதிப் பையன்களோடு பழகி, அவர்கள் பேச்சிலேயே 1955இல் ஒரு நாவல் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினிக்கோ அந்தப் பேச்சுதான் தேவைப்பட்டது. 'கபிரியாவின் இரவுகள்' படத்தில் ரோம் தெருப்பேச்சு வசனத்துக்கு இவரைத்தான் கூப்பிட்டார்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்சியர் ஏசு படம் எடுத்தது விளம்பரத்துக்காகத்தானே?

விளம்பரத்துக்குக் குறைவே இல்லை. 1963இல்தான் ஒரு குறும்படத்துக்காக, மதத்தை அவமதித்தார் என்று நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்திருந்தார்கள். மேல்முறையீட்டில் அது ரத்தானது வேறு கதை. அடுத்த ஆண்டே அந்த ஏசு படம், 'மத்தேயு எழுதிய நற்செய்தி', வந்தது. பாலஸ்தீனம் போய் இடம் பார்த்தார், எல்லாம் நவீனமாகிக் கிடந்தது. கடைசியில் தென் இத்தாலியின் மத்தேராவில் எடுத்தார். ஏசுவாக ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு மாணவர். முதிய மரியாளாக இயக்குநரின் சொந்த அம்மா.

ஏசுவை விசாரிக்கும் காட்சியை மட்டும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கேமரா கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. முன்னால் நிற்பவர்களின் தலை மறைக்க, நாமும் எட்டி எட்டித்தான் பார்க்க வேண்டும். தீர்ப்பு வழங்கும் இடத்துக்கு ஏழைக்கு எவ்வளவு அனுமதியோ, அவ்வளவுதான் நமக்கும். பக்தியைவிட இந்தக் கோணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கத்தோலிக்க அமைப்பே படத்துக்கு விருது கொடுத்தது!

கேள்வி: பசோலினியைக் கொன்றது யார்?

1975 நவம்பர் 2 அன்று ரோமுக்குப் பக்கத்து ஓஸ்தியா கடற்கரையில் உடல் கிடைத்தது. 17 வயதுப் பையன் ஒருவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவனே 2005இல், தான் கொல்லவில்லை என்று வாக்குமூலத்தை மாற்றிவிட்டான். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை.

கேள்வி: அண்ணா, எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'மம்மா ரோமா'. நடிகை அன்னா மன்யானி நடந்துகொண்டே பேசும் இரவுக் காட்சிகள் போதும், ஆளைப் பிடித்து உட்காரவைத்துவிடும். பிறகு 'அக்கத்தோனே', 'நற்செய்தி'. சித்திரவதைக் காட்சிகள் நிறைந்த கடைசிப் படமான 'சாலோ'வை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சத்தியமாக வேண்டாம்.