15 வருடம் அனுபவமுள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு எந்த நாட்டில் சம்பளம் அதிகம்? நம் ஊர் எங்கே நிற்கிறது?

லக்சம்பர்க்தான் முதலிடம். ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு) கணக்குப்படி அங்கே 15 வருட அனுபவத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல். ஆனால் அது வாங்கும் திறனுக்கு, அதாவது அந்தந்த நாட்டு விலைவாசிக்குச் சரிசெய்த டாலர். அதை அப்படியே 80, 90 ரூபாயால் பெருக்கிப் பார்க்காதீர்கள். லக்சம்பர்க் வாடகை வேறு, தண்டையார்பேட்டை வாடகை வேறு.

சம்பளம் ஏறும் வேகத்தையும் பாருங்கள். தென் கொரியாவில் உச்சத்தைத் தொட 37 வருடம் ஆகும். ஆஸ்திரேலியாவில் பத்து வருடத்துக்குள் தொட்டுவிடலாம், அப்புறம் பெரிதாக ஏறாது.

நம் தமிழ்நாட்டில் அனுபவத்தை விட, சேர்ந்த தேதிதான் பெரிய விஷயம். 2009 மே 31-க்குள் அரசுப் பள்ளியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்) அப்போது அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாக இருந்தது, மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வேலைக்கு 3,170 ரூபாய் வித்தியாசம்! இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தனியார் பள்ளிகளுக்கோ இந்த அரசு ஊதிய விகிதமே கிடையாது. என் பக்கத்து வீட்டு அக்கா வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் பல வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் திண்ணையில் பாய் விரித்து டியூஷன் எடுத்தால்தான் வாடகை கட்ட முடிகிறது. எந்த நாட்டுப் பட்டியலைப் பார்த்தாலும் அது அரசு விகிதமா, கையில் வரும் பணமா என்று முதலில் பாருங்கள்.