இரவில் குறைத்துக் காலையில் சூடேற்றினால் மிச்சமாகுமா?

அமெரிக்காவில் எரிவாயு உலையால் சூடேற்றும் வீட்டுக்கு, குறித்த நேரங்களில் வெப்பநிலையைத் தானே மாற்றும் கருவியான நிரல்படுத்தும் தெர்மோஸ்டாட் வாங்கியுள்ள நீங்கள், இரவில் குறைத்த வெப்பத்தைக் காலையில் மீட்கவே மிச்சமான எரிபொருள் முழுதும் செலவாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. வீட்டுக்கு உள்ளும் புறமுமுள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய, சுவர்கள் வழியே வெளியேறும் வெப்பமும் குறைகிறது. ஆகவே நாள்தோறும் 8 மணி நேரம் 7 முதல் 10 பாரன்ஹீட் பாகை குறைத்து வைத்தால் வெப்பமூட்டவும் குளிரூட்டவும் ஆகும் செலவில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்கிறது அந்நாட்டு எரிசக்தித் துறை.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றுமுன் மின்சாரத்தை நிறுத்தி, எந்தக் கம்பி எந்த எழுத்திட்ட முனையில் இருந்தது என்று அவசியம் படமெடுத்துக்கொள்ளுங்கள். விழித்தெழல், கிளம்பல், திரும்பல், உறங்கல் ஆகிய நான்கு நேரங்களைப் பதிந்தபின், ‘ஹோல்ட்’ பொத்தானைத் தொடாதீர்கள். அது நிரலையே நிறுத்திவிடும். உலைக்குப் பதிலாக, வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் வெப்பப் பம்பு உள்ள வீடென்றால் அதற்குரிய தெர்மோஸ்டாட்டே வேண்டும்.