எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே போன் நம்பரா?

கேள்வி: எங்கள் கடையின் பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால், கிட்டத்தட்ட எல்லோருடைய கைபேசி எண்ணும் 2147483647 என்றே இருக்கிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? இது ஒரு பகா எண் என்கிறார் நண்பர். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: ஹேக்கும் இல்லை, வைரஸும் இல்லை. உங்கள் டேட்டாபேஸில் போன் நம்பரை 'இன்ட்' என்ற முழு எண் வகையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதற்கு 32 பிட் இடம் (ஒரு பிட்டில் 0 அல்லது 1 மட்டுமே கொள்ளும்). மிகை எண்ணா குறை எண்ணா என்று காட்ட ஒரு பிட் போய்விட்டால் மீதி 31. அதில் கொள்ளும் மிகப் பெரிய எண், 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

நம் கைபேசி எண்களோ 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஆகச் சிறியதே 600 கோடி. எப்படிக் கொள்ளும்? மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், பொருந்தாத மதிப்பை ஏற்க மறுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோட்' என்ற அமைப்பு அணைந்திருந்தால், பெரிய எண்ணை அது மறுக்காது. எல்லை எண்ணாக வெட்டிச் சேமித்துவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். அதை யார் பார்க்கிறார்கள்! எஸ்டிடி குறியீடு இல்லாமல் லேண்ட்லைன் எண் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுடையது மட்டும் சரியாக இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்ட எண்களை இந்தப் பட்டியலிலிருந்து மீட்க முடியாது. பழைய பில், வாட்ஸ்அப், படிவம் என்று வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அதற்கு முன் அந்த நெடுவரிசையை 'வார்கேர்' என்ற எழுத்து வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். 'பிக்இன்ட்' போதும் என்பார்கள். இடம் போதும்தான், ஆனால் முன்னால் வரும் பூஜ்யமும் +91-இல் உள்ள கூட்டல் குறியும் காணாமல் போகும். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அது எழுத்தாகவே இருக்கட்டும். கையோடு ஸ்ட்ரிக்ட் மோடையும் போடச் சொல்லுங்கள்.

சரி, பகா எண் விஷயம். நண்பர் சொன்னது உண்மை. 1772-இல், பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த கணித மேதை ஆய்லர் இதை நிறுவினார். சாதாரணமாகச் செய்தால் 46,340 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கு மேல். ஆனால் இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும். அந்தச் சல்லடையில் தேறுபவை நானூறுக்கும் குறைவு, அவற்றிலும் பகா எண்களைப் பார்த்தால் போதும். இதை 2-இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால், தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்கே சமமான செவ்விய எண் ஒன்றும் கிடைக்கும் (அந்த எண்ணைக் காரணியாகச் சேர்க்காமல்).

கணினிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. எல்லை எண் பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட்டின் எல்லையான 32,767-ஐ 7 × 31 × 151 என்று உடைக்கலாம். 64 பிட்டின் எல்லையும் 7-ஆல் மீதியின்றி வகுபடும்.