சாயத் தண்ணித் தொட்டிக்கு அல்ட்ராசோனிக் ஒத்து வராதுங்க

திருப்பூர் சாயப்பட்டறையில 3 மீட்டர் ஆழக் கழிவுத் தொட்டி, மேலே மாட்டின அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலியை அனுப்பி, எதிரொலி வர்ற நேரத்தை வெச்சு மட்டம் அளக்கிறது) காட்டுற அளவு தாறுமாறா குதிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. சென்சார் கெட்டிருக்கும்னு தோணலைங்க. நுரை ஒலியை விழுங்கிடும். ஆவி அடிச்சா ஒலியோட வேகமும் மாறும். வேற அல்ட்ராசோனிக் வாங்கினாலும் இதே கதைதான்.

தொட்டிக்குள்ள தொங்கவிடுற பிரஷர் டைப் லெவல் டிரான்ஸ்மிட்டர் (தண்ணி அழுத்தத்தை வெச்சு மட்டம் அளக்கிற சென்சார்) போடுங்க. 3 மீட்டர் தண்ணிக்கு அழுத்தம் 0.294 பார்தான், அதனால 0–0.4 பார் ரேஞ்ச், 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் (அழுத்தம் இல்லைன்னா 4, முழு ரேஞ்சுக்கு 20) போதும். சென்சாருக்கு மேல 3 மீட்டர் தண்ணி நின்னா ஏறக்குறைய 15.8 மில்லிஆம்பியர் காட்டணும். கடைக்காரர் கையிருப்புல இருக்குன்னு 10 பார் கொடுத்தா வாங்கிடாதீங்க: 0.5 சதவீதப் பிழையே அரை மீட்டர் ஆயிடும்!

சாயக் கழிவோட உப்புத் தண்ணி 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் குழி குழியா அரிக்கும். செராமிக் டயஃப்ரம் (அழுத்தத்தை உணர்ற தகடு), பிவிடிஎஃப் (ஒரு வகை பிளாஸ்டிக்) உடம்பு கேளுங்க. கேபிள் எத்தனை டிகிரி சூடு தாங்கும்னும் பாருங்க. உப்பால அடர்த்தி 1.05 ஆனா 3 மீட்டரை 3.15ன்னு காட்டும், பிஎல்சியில (சிக்னலைப் படிக்கிற கட்டுப்பாட்டுக் கருவி) திருத்திக்கலாம்.

வெளிக்காத்தோட அழுத்தத்தை சென்சாருக்குக் கொண்டு போக, கேபிளுக்குள்ள மெல்லிசா ஒரு காத்துக்குழாய் வரும். அதை எம்-சீல் வெச்சு அடைச்சிடாதீங்க, அடைச்சா வெயிலுக்கும் மழைக்கும் அளவு நகரும். அந்தக் குழாயோட நுனி ஈரமில்லாத ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள இருக்கட்டும். சேறு மூடாம சென்சாரை அடியிலிருந்து 15 செ.மீ. தூக்கிக் கட்டுங்க, அந்த 15-ஐ அளவுல கூட்டிக்கணும்.