சம்பளம் உறைந்தது, கடன் வளர்ந்தது

கேள்வி: 1976-ல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பொருளாதாரம் ஏற்கெனவே சீரழிந்துதான் கிடந்தது. அவர்கள் செய்த கொலைகளை விட்டுவிடுவோம், பொருளாதார முடிவுகளை மட்டும் தனியாக எடைபோடலாம் இல்லையா?

பதில்: சீரழிந்து கிடந்தது உண்மைதான், பணவீக்கம் மூன்று இலக்கத்தில் இருந்தது. ஆனால் கொலைகளை விட்டுவிட்டு அந்தப் பொருளாதாரத்தைப் பேசவே முடியாது. மார்ச் 24 அன்று ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த மாதமே பொருளாதார அமைச்சர் மார்த்தினெஸ் தே ஓஸ் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுச் சம்பளத்தை மட்டும் உறைய வைத்தார். வேலைநிறுத்தத்துக்குத் தடை, தொழிற்சங்கங்கள் ராணுவத்தின் கையில். உழைப்பவரின் உண்மைச் சம்பளம், அதாவது விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்த சம்பளம், சீக்கிரமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. கேட்க ஆளிருக்கும் நாட்டில் இது நடக்குமா? கேட்கக்கூடியவர்களைத்தான் தொழிற்சாலை வாசலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்களே. ஃபோர்டு ஆலையின் தொழிலாளர்கள் 24 பேர் கடத்திச் சித்திரவதை செய்யப்பட்ட வழக்கில், அந்த நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் இருவருக்கு 2018-ல் சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்புறம் வந்தது பண விளையாட்டு. 1977-ல் வட்டி விகிதத்தை அவிழ்த்துவிட்டார்கள், வங்கியில் போடும் பணத்துக்கோ அரசே உத்தரவாதம். 1978 டிசம்பரில் 'தப்லீதா' என்ற அட்டவணை வந்தது: டாலருக்கு எத்தனை பெசோ (அர்ஜென்டினாவின் பணம்) என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதுவும் உள்நாட்டு விலையேற்றத்தைவிட மெதுவாக ஏறும்படி. வெளிநாட்டில் டாலர் கடன் வாங்கு, பெசோவாக மாற்றி உள்ளூரில் பெரிய வட்டிக்கு விடு, திரும்ப டாலராக்கி வெளியே கொண்டுபோ, மறுபடியும் கடன் வாங்கு. இதை அங்கே 'நிதி சைக்கிள்' என்றே சொன்னார்கள். வசதியுள்ளவர்கள் அமெரிக்காவின் மயாமிக்குப் பறந்து, கடைகளில் எதைப் பார்த்தாலும் 'தேமே தோஸ்', அதாவது 'இரண்டு கொடு' என்று அள்ளி வந்த காலம் அது. இறக்குமதிச் சரக்கு மலிவாகக் குவிந்ததில் உள்ளூர் ஆலைகள் வரிசையாக மூடின.

1980 மார்ச்சில் நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியே விழுந்தது. 1981-ல் பெசோவின் மதிப்பு சரிந்ததும் டாலரில் கடன் வாங்கிய நிறுவனங்கள் திணறின. அந்தச் சுமையின் பெரும்பகுதியை மாற்று விகிதக் காப்பீடு என்ற பெயரில் அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது, அதாவது சம்பளம் குறைந்தவனின் தலையில். சுமார் 800 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுக் கடன், 1983-ல் ராணுவம் இறங்கிப்போகும்போது சுமார் 4,500 கோடி. பணவீக்கமாவது அடங்கியதா? அந்த ஆண்டில் அது 300 சதவீதத்துக்கும் மேல்.

கேள்வி: அந்தக் கடனுக்காக யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: இல்லை. அலெஹாந்த்ரோ ஓல்மோஸ் என்ற பத்திரிகையாளர், ராணுவ ஆட்சி இருக்கும்போதே, 1982-ல் வழக்குப் போட்டார். எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள். 2000 ஜூலையில் நீதிபதி பல்யெஸ்தெரோ தீர்ப்பு சொன்னார்: அந்தக் கடன் வாங்கப்பட்டதில் 470-க்கும் மேற்பட்ட முறைகேடுகள். ஆனால் காலக்கெடு கடந்துவிட்டதால் யாரையும் தண்டிக்க முடியாது என்று ஆவணங்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். ஓல்மோஸ் அதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டிருந்தார்.