மரிக்கொழுந்தும் எஸ்ஜிபிடியும்

அன்புள்ள ஐயா,

காய்ச்சல் விட்டும் வாப்பாவுக்குச் சோர்வு போகவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்ஜிபிடி 186 என்று வந்தது. கம்ப்யூட்டர் படிக்கும் என் தம்பி, "வாப்பா உடம்புலயும் சாட்ஜிபிடி ஓடுது" என்றான். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வாப்பா. அந்த எண் பெரும்பாலும் 40-ஐத் தாண்டக் கூடாது. சீட்டை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பச்சிலை அரைத்துக் கொடுக்கிறவர் வீட்டுக்கு யாராவது வழி சொல்வார்கள், அதற்கு முன்பு.

உறவு ஒன்றும் இல்லை. சீட்டில் இருப்பது குளுட்டமிக் பைருவிக் டிரான்ஸ்அமினேஸ். முன்னால் நிற்கும் எஸ், சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர். கல்லீரல் செல்லுக்குள் வேலை பார்க்கும் நொதி அது. அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றி ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டில் மாட்டும். முன்னது பைருவேட் ஆகிவிடும், பின்னது குளுட்டமேட். செல் அடிபட்டால் நொதி ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் அளக்கிறார்கள். உயிர்வேதியியலில் இப்போது ஏஎல்டி, அதாவது அலனின் டிரான்ஸ்அமினேஸ் என்பார்கள். நம்மூர்ச் சீட்டுகள் பழைய பெயரை விடவில்லை.

தம்பியுடையது ஜெனரேட்டிவ் பிரீ-டிரெயின்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏராளமான எழுத்தில் முன்கூட்டியே பழக்கிய, தானே எழுதும் கணினி மாதிரி, 2018-இல் வந்தது. வாப்பாவுடையது 1950-களிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்ட மூத்தவர். போதாததற்கு, ஹார்ட் டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கும்போதும் ஒரு ஜிபிடி வரும். அதில் ஜி என்ற எழுத்தே இன்னொரு சுருக்கத்தின் சுருக்கம்! தம்பியிடம் கேளுங்கள், கொஞ்சம் திணறட்டும்.

பாம்பன் பக்கத்துப் பெண்கள் "மரிக்கொழுந்து எடுக்கப் போறோம்" என்றால் மதுரைப் பூக்கடைக்காரருக்கு என்ன விளங்கும்? கண்ணாடி மாட்டி, முங்கி, பாறையிலிருந்து பறிக்கும் பாசி அது. ஜெல்லி போல உறையும் அகர் காய்ச்சுவது அதிலிருந்துதான். பூச்சந்தைக்கும் கடலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் கிடப்பதால் யாரும் குழம்புவதில்லை. உங்கள் வீட்டில் ஆய்வகமும் கம்ப்யூட்டரும் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

பாசி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாப்பாவின் ஜி-க்குக் கடலோடு உறவு உண்டு. குளுட்டமிக் அமிலத்தை முதலில் பிரித்தது 1866-இல், கோதுமைப் பசையிலிருந்து. ஆனால் நாக்கில் அது தரும் ருசியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கிகுனே இக்கேடா. 1908-இல், கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து. பிரியாணிக் கடைகளில் தூவும் அஜினோமோட்டோ அதன் உப்புதான்.

அடுத்த சீட்டில் எண் இறங்கியதும் எழுதுங்கள்.