மூட்டு வலிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரன்ட் வைப்பது எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை மட்டும்தான். அதை ஆரம்பித்ததிலிருந்து காலையில் விரலை மடக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் நிறுத்திப் பார்த்தேன், வலி குறைந்துவிட்டது. கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இது இன்னும் வேண்டுமா டாக்டர்?

பதில்: வேண்டும் அம்மா. ஆனால் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை.

மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியை முடக்குகிறது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைக் கட்டிக்குத்தான் இதைக் கொடுப்போம். உங்கள் பயாப்ஸி அறிக்கையில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஸ்கேனில் சிக்காத ஒன்றிரண்டு செல்கள் உடலில் எங்காவது தங்கியிருக்கலாம். இந்த வகை நோய் 5 ஆண்டுகள் கழித்தும் திரும்புவதுண்டு. அதனால்தான் குறைந்தது 5 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் மாத்திரை தருகிறோம்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூட்டு இறுகும். நிறுத்தியதும் வலி குறைந்தது, அது மாத்திரையால் வந்த வலி என்பதற்கு நல்ல சாட்சி. எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பலர் உள்ளுக்குள் நடுங்குவார்கள். ஒரே இடத்தில், இரவிலும் விடாமல், நாளுக்கு நாள் கூடுகிற வலி என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

என்னிடம் வருகிறவர்களை மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். காலியாகியிருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருக்கும். டாக்டர் திட்டுவார் என்று சொல்லாமல் இருந்திருப்பார்கள். திட்டினால் தப்பு டாக்டருடையது. சொன்னால் எத்தனையோ வழி இருக்கிறது. தினசரி நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் இந்த வலியை நிஜமாகவே குறைக்கும். டுலாக்ஸெடின் என்ற மாத்திரை சிலருக்குக் கேட்கும். அதிலும் தீரவில்லை என்றால், சில வாரம் இடைவெளி விட்டு இதே வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேன் என்று மாற்றலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். டமாக்ஸிஃபெனும் உண்டு. அதில் மூட்டு வலி குறைவு. ஆனால் உடம்பு திடீரென்று சூடேறி வியர்க்கும், அரிதாக ரத்தம் உறையலாம், கருப்பைச் சவ்வு தடிக்கலாம். அதைச் சாப்பிடும்போது துளி உதிரம் பட்டாலும் சொல்லிவிட வேண்டும். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா என்பதையும் கேளுங்கள். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும்.

இந்த வாரமே போய், நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு முதல் கீமோ ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமா?

பதில்: ஏற்றிய மருந்து சிவப்பு நிறத்தில் இருந்திருந்தால் அது டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தாக இருக்கும், அதன் நிறம்தான் இறங்குகிறது. ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் காட்டுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் 7 முதல் 14 நாளுக்குள், கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் கூட்டிக்கொண்டு போங்கள். கீமோ நடக்கிறது என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள்.